தூரிகையும் அமானத்தும்

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த ஊராகும். ஜினகாஞ்சி மடம் என்பது அதன் பெயர். ஓங்கிய கோபுரத்தோடு கூடிய பார்சுவநாதர் கோயிலும், அதனினும் தொன்மையான மலைநாதர் கோயிலும் அங்கே உள்ளன. பின்னதில் ஒரு பெரும் பாறை. அப்பாறையில் ஒன்பதாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் புடைப்புச் சிற்பங்கள். சமணச் சிற்பங்களில் பெரியோரின் உருவங்கள் பெரிதும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆடையற்ற மேனி, அசைவற்ற நிலை, அமைதி தவழும் முகம். இவர் பார்சுவநாதர் என்று காண்போர் அறிந்துகொள்வது தலைக்கு மேல் விரிந்த நாகத்தின் படத்தைக் கொண்டு. இவர் பாகுபலி என்று அறிந்துகொள்வது கால்களைச் சுற்றிப் படர்ந்த கொடியைக் கொண்டு. அந்தப் படமும் கொடியும் கல்லிலிருந்து சிறிதளவே எழும்பி நிற்பவை. அவற்றை நம் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது நிழல் ஒன்றுதான்.

இத்தகைய சிற்பத்தைப் புகைப்படம் எடுக்க ஒருவர் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாறையை ஒட்டிக் கட்டடம் எழுந்துவிட்ட இடங்களில் ஒளி ஒரே சீராக விழுவதில்லை. ஒரு புறம் வெயில், மறு புறம் இருள். மனிதக் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமன் செய்துகொள்ளும். காமிராவுக்கு அந்த ஆற்றல் குறைவு. வெயில் பட்ட தோள் வெளுத்துப்போகும், நிழலில் நின்ற நாகப்படம் கறுத்து மறையும். வீடு திரும்பியதும் அவர் கணினியைத் திறந்து, அந்த இருண்ட பகுதியின் மீது மட்டும் ஒரு தூரிகையை ஓட்டுகிறார். மெய்யான தூரிகை அன்று. திரையில் நகரும் ஒரு வட்டம். அவ்வட்டம் சென்ற இடமெல்லாம் ஒளி கூடுகிறது. மறைந்திருந்த நாகம் படம் விரிக்கிறது. செயல் முடிந்தது, எவரும் எதையும் குறையாகச் சொல்லப் போவதில்லை.

ஆனால் அதே தூரிகையை எதிர்த்திசையில் ஓட்டினால்? நாகப்படத்தின் மீது சற்றே இருளைப் பூசினால், பார்சுவநாதர் இன்னாரென்று தெரியாத ஒரு தீர்த்தங்கரராகிவிடுவார். கல்லில் எவரும் உளி வைக்கவில்லை. படத்திலும் எதையும் அழிக்கவில்லை, எதையும் ஒட்டவில்லை. வெளிச்சம் சிறிது குறைக்கப்பட்டது, அவ்வளவே. அப்படியானால் முன்னது உண்மைக்குச் செய்த தொண்டு, பின்னது பொய் என்று எதை வைத்துச் சொல்வது? நாம் இக்கட்டுரையில் ஆராய விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

உருவங்களை வணங்காத நமக்கு, அயலார் வணங்கும் உருவத்தின் படம் எப்படி இருந்தால் என்ன என்று கேட்பாரும் உண்டு. நம் கடன் கல்லுக்கு அன்று. அந்தக் கல்லைத் தம் முன்னோரின் சொத்தாகப் போற்றும் மக்களுக்கு. ஒரு சிறு சமூகத்தாரின் பழம்பொருளைப் படமெடுத்து வெளியுலகுக்குக் காட்டுகிறவன் அவர்களுடைய அமானத்தைக் கையில் வைத்திருக்கிறான். அமானத்தில் இவர் எம்மவர், அவர் பிறர் என்ற பாகுபாட்டுக்கு இடமில்லை. நாளை செஞ்சிக் கோட்டைக்குள் நிற்கும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலை வேறொருவர் படமெடுக்கும்போது, அவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் இதுவே அன்றோ?

இந்தத் தூரிகை வேலை கணினியோடு பிறந்தது என்று எண்ணுவோர் உளர். அது தவறு. இருட்டறையில் என்லார்ஜரின் கீழே காகிதத்தை வைத்து ஒளி பாய்ச்சிய காலத்திலேயே, கம்பியின் முனையில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தைக் குறுக்கே ஆட்டி முகத்தில் விழும் ஒளியைத் தடுப்பார்கள். அவ்விடம் வெளுத்து வரும். இரு கைகளையும் குவித்து நடுவில் துளைவிட்டு, வானத்தின் மீது மட்டும் கூடுதலாக ஒளி விழச் செய்வார்கள். அவ்விடம் கறுத்து வரும். முன்னதை டாட்ஜிங் என்றும் பின்னதை பர்னிங் என்றும் ஸ்டுடியோக்காரர்கள் வழங்கினர். 1990இல் வெளிவந்த போட்டோஷாப் என்னும் மென்பொருளில் இவ்விரு வேலைகளுக்கும் உரிய கருவிகளுக்கு அடையாளமாக இன்றும் இருப்பவை அதே அட்டைக் குச்சியும் அதே குவித்த கையும்தான். இருட்டறையைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் அப்படங்களின் பொருள் அறியாமலே அவற்றை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். 2008இல் லைட்ரூம் என்ற மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஒளி, நிறம், கூர்மை முதலியவற்றைப் படத்தின் வேண்டிய பகுதியில் மட்டும் மாற்றும் தூரிகை அதில் சேர்ந்தது. இருட்டறைக்கு எதிர்ச்சொல்லாக ஒளியறை என்று பெயர் வைத்தவர்களின் குறும்பையும் இங்கே மெச்சலாம்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். 1856இல் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, 1858ஆம் ஆண்டளவில் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியவை காகித நெகடிவ்கள். அக்காலத்து இரசாயனம் நீல ஒளியை மட்டுமீறி உள்வாங்கியதால் வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். பச்சை இலைகளோ கருங்குவியலாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகடிவின் மீதே வண்ணத்தைத் தொட்டு, இல்லாத மேகங்களை வானத்தில் வரைந்தார். இலைக் கொத்துகளுக்கு உருவம் கொடுத்தார். ஆகவே தமிழ்நாட்டின் மிகப் பழைய புகைப்படங்கள் சிலவற்றில் நாம் காணும் மேகங்கள் அன்றைய வானத்தில் மிதந்தவை அல்ல. அரசாங்க ஆவணமாக எடுக்கப்பட்ட படங்கள் அவை! எனினும் அவரைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அன்று மேகம் இருந்ததா என்று அறிவதற்காக எவரும் அப்படங்களைப் பார்ப்பதில்லை. கோபுரம் எப்படி நின்றது, மண்டபத் தூண்கள் எந்நிலையில் இருந்தன என்று அறியவே பார்க்கிறார்கள். தூணில் இல்லாத ஒரு சிற்பத்தை அவர் வரைந்து சேர்த்திருந்தால் நம் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

இதிலிருந்து ஒன்று புலனாகிறது. படம் எதற்குச் சாட்சி சொல்ல நிற்கிறதோ, அந்த இடத்தில் தூரிகை பட்டால் அது ஒருவகை. சாட்சிக்குப் புறம்பான இடத்தில் பட்டால் வேறுவகை. இவ்வரையறை ஓரளவு தெளிவைத் தருகிறதே தவிர, முழுவதும் தீர்த்து வைப்பதில்லை. மேல்சித்தாமூரின் நாகப்படம் சாட்சிக்குரிய இடமே. அங்கேதான் நம் படக்காரர் தூரிகை ஓட்டினார். ஆயினும் அதை நாம் ஏற்றுக்கொண்டோம்.

அந்த மடத்திலேயே பேணப்பட்டுவரும் ஓலைச்சுவடிகள் இங்கே நமக்கு வழிகாட்டக்கூடும். எழுத்தாணியால் ஓலையில் கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நிறமற்ற கீறல் அது. பிறகு விளக்குக் கரியையோ இலைச் சாற்றையோ ஓலை முழுவதும் தடவித் துடைப்பார்கள். கரி கீறலில் தங்கிவிடும், மற்ற இடங்களில் துடைபட்டுப் போகும். எழுத்து பளிச்சென்று எழும். கரி பூசியவன் எழுத்தை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டினான். கீறல் இல்லாத இடத்தில் எவ்வளவு கரி தேய்த்தாலும் எழுத்து வராது. ஓலையே அவனுக்குக் காவலாக நின்றது.

கணினித் தூரிகைக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எகர ஏகாரங்களுக்குள் வேறுபாடு காட்டப்படுவதில்லை. இடம் நோக்கித்தான் படிக்க வேண்டும். அத்தகைய ஏட்டின் படத்தில், பூச்சி அரித்த துளை ஒன்றின் விளிம்பைத் தூரிகை சற்றே அழுத்திவிட்டால் அது ஒரு கோடாகிவிடும். கறைபட்ட இடத்தை வெளுத்தால் ஓர் எழுத்தின் கொம்பு கறையோடு போய்விடும். படிப்பவன் அறியமாட்டான். மூல ஏடு செல்லரித்து அழிந்த பின்னர் அந்தப் படமே மூலம் என்று ஆகிவிடும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு அளித்த உ.வே. சாமிநாதையர், சமணப் பெரியோர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார் என்பதும், ஏட்டுக்கு ஏடு மாறுபட்ட பாடங்களைப் பேணிக் குறித்துக் காட்டும் பதிப்பு முறையை வளர்த்தார் என்பதும் தமிழ் பயின்றோர் அறிந்தவை. தாம் ஒன்றைத் தெரிந்தெடுத்த பிறகும் மற்றதை மறைக்காமல் வாசகன் முன் வைப்பதே அந்த நேர்மை. தூரிகை பிடிப்பவரிடம் நாம் கேட்பதும் அதையே.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட இடங்களுக்கு வருவோம். கல்லும் ஓலையும் பொறுத்துக்கொள்ளும், மனிதன் பொறுக்கமாட்டான்.

1994ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது, காவல்துறை எடுத்த அவருடைய முகப்படத்தை டைம், நியூஸ்வீக் என்ற இரு வார ஏடுகளும் ஒரே வாரத்தில் அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக்கில் படம் உள்ளபடியே இருந்தது. டைம் ஏட்டில் அவருடைய கறுத்த முகம் மேலும் கறுக்கப்பட்டிருந்தது. கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியதால் மக்கள் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர்; கண்டனம் எழுந்தது. இருளைக் கூட்டுவது இருட்டறைக் காலத்திலிருந்தே வழங்கிவரும் முறைதானே, அதில் என்ன பழி என்று வாதாடுவோர்க்கு இந்த அட்டையே மறுமொழி. விசாரணை தொடங்குமுன்பே ஒரு மனிதனின் தோல் நிறத்தைக் குற்றத்தின் நிறமாக்கிக் காட்டியது அது. முறை பழையது என்பதால் செயல் தூயதாகிவிடாது.

இதற்கு மறுபுறமாக நிற்பது காஸாவின் படம். 2012 நவம்பர் 20ஆம் நாள், இஸ்ரேலின் குண்டுவீச்சில் இறந்த இரு சிறு குழந்தைகளை உறவினர்கள் கைகளில் ஏந்திக் குறுகிய தெருவொன்றில் பள்ளிவாசலை நோக்கி நடந்து வருகிறார்கள். பின்னால் தந்தையின் உடல். ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் பால் ஹான்சன் எடுத்த அப்படம், உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அவ்வாண்டின் சிறந்த படமாக 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மே மாதத்தில் ஒரு சர்ச்சை கிளம்பிற்று. பல படங்களை ஒட்டிச் செய்த போலி அது என்றார் ஒருவர். போட்டி அமைப்பினர் மூலக் கோப்பை வல்லுநர்களிடம் கொடுத்து ஆராயச் செய்தனர். படத்தின் ஒளியும் வண்ணமும் முழுமையிலும், சில பகுதிகளில் தனித்தனியாகவும் திருத்தப்பட்டுள்ளன. ஆனால் ஒட்டுவேலை எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. பரிசு நிலைத்தது.

நாம் அப்படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அந்தத் தெருவின் சுவர்களிலும் துயருற்ற முகங்களிலும் ஒளி விழும் விதம், திரைப்படக் காட்சியை நினைவூட்டும் அளவுக்குச் சீராக்கப்பட்டிருக்கிறது என்பதை மறுக்க இயலவில்லை. குழந்தைகள் இறந்தது உண்மை, ஏந்தி வந்தது உண்மை, அழுகை உண்மை. அந்த உண்மைக்குத் தூரிகையின் துணை தேவைப்படவில்லை. தேவையற்ற அந்தச் சில தீற்றல்கள், நடந்ததையே இல்லை என்று சாதிக்க விரும்பியவர்களின் கையில் ஒரு பிடியைக் கொடுத்துவிட்டன. குழந்தைகளின் மரணத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாட்களில் உலகம் நிழல்களின் கோணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரின் மீது குண்டு விழுந்த படத்தில் புகையைப் படியெடுத்துப் பெருக்கிக் காட்டிய செய்தியாளர் ஒருவரால், ராய்ட்டர் நிறுவனம் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. குண்டு விழாமலா போயிற்று? விழுந்தது. ஆனால் பெருக்கப்பட்ட புகையில் மெய்யான புகையும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. ஹான்சன் செய்தது இத்தகைய மோசடி அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அநீதி. எனினும் ஒடுக்கப்பட்டவனின் பக்கம் நின்று சாட்சி சொல்பவன் மற்றவர்களைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. அது நியாயமா என்றால் நியாயம் இல்லைதான். நிலைமை அவ்வாறு இருக்கிறது.

பத்திரிகைகளை விட்டு நம் வீடுகளுக்குள் வருவோம். பழைய ஸ்டுடியோக்களில் சாய்வு மேசை ஒன்று இருக்கும். கீழிருந்து ஒளி வரும் கண்ணாடியின் மீது நெகடிவை வைத்துக் கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருப்பார் டச்சிங் செய்பவர். முகத்தில் கறுப்பாக விழும் குழியும் சுருக்கமும் நெகடிவில் வெளிறிய இடங்களாக இருக்கும். அங்கே பென்சில் கரி பட்டால் அச்சில் அவ்விடம் வெளுத்துவிடும். கறுக்கச் செய்ய வேண்டுமானால் கத்தியால் சுரண்ட வேண்டும். கை தவறினால் நெகடிவ் பாழ். ஆக, வெளுப்பாக்குவது எளிது, கறுப்பாக்குவது கடினம் என்பது அத்தொழிலின் இயல்பிலேயே அமைந்திருந்தது. நம் பாட்டன்மார் பலரின் படங்களில் முகம் மாவு பூசியதுபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

அந்தப் பென்சில் மிகுதியாக உழைத்தது அம்மைத் தழும்புகளின் மீதுதான். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975இல் காணப்பட்டார். 1977இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு ஊர் தழும்பு விழுந்த முகங்கள் இருந்தன. மகனின் படத்தைச் சுவரில் மாட்ட விரும்பிய தாய், அம்மை தின்ற கன்னத்தை மெழுகித் தரும்படி கேட்டாள். மெழுகித் தந்தவர் பாவம் செய்தாரா? செய்யவில்லை என்றே நாம் சொல்வோம். அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவள் அத்தழும்பை விரலால் தடவி அறிந்தவள். அவளை எவரும் ஏமாற்ற முடியாது. அவள் வேண்டியது, நோய் வருமுன் தான் பார்த்த முகத்தை. ஆனால் அதே படம் உறையில் வைக்கப்பட்டு, அந்த முகத்தைக் கண்டிராத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகும்போது? பென்சிலின் தீற்றல் ஒன்றேதான். போய்ச் சேர்ந்த இடம் மாறிவிட்டது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டிய வரலாற்றை நாம் அனைவரும் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதே அவர்களின் கேள்வியாக இருந்தது. அங்கே தானியத்தில் கலப்படம் இல்லை; எடையில் குறைவில்லை. எது மேலே இருக்க வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்று அடுக்கியதில்தான் பிழை. எதை வெளிச்சத்தில் வைப்பது, எதை இருளில் தள்ளுவது என்பதே தூரிகையின் வேலையும். பார்ப்பவர் அதை நம்பி ஒரு முடிவெடுக்கப் போகிறாரா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. சுவரில் மாட்டும் படத்தைக் கொண்டு எவரும் முடிவெடுப்பதில்லை. பெண் பார்க்கும் படத்தைக் கொண்டு ஒரு வாழ்க்கையே முடிவாகிறது.

பருவையும் வியர்வையையும் நீக்குவதில் தவறில்லை, அவை நாலு நாளில் போய்விடும். மச்சத்தையும் தழும்பையும் நிறத்தையும் தொடக்கூடாது, அவை ஆளோடு இருப்பவை — இப்படி ஒரு விதியைக் கண்ணியமான தொழிலாளர்கள் பலர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டுள்ளனர். நல்ல விதிதான். ஆனால் நம் நாட்டில் அதன் கடைசிச் சொல் ஏட்டளவில் நிற்கிறது. நிறத்தைத் தொடாத கல்யாணப் படத்தை எங்கே பார்க்கிறோம்? 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. களிம்பு பெயரை மாற்றிக்கொண்டதே தவிர, முகத்தின் மீது ஓடும் தூரிகை தன் திசையை மாற்றிக்கொள்ளவில்லை. டைம் ஏடு கறுப்பாக்கிக் குற்றவாளியாக்கியது. நாம் வெளுப்பாக்கி மணப்பெண்ணாக்குகிறோம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே என்று சொன்னால் நம் தாய்மார்கள் வருந்தக்கூடும். வருந்தினாலும் சொல்லத்தான் வேண்டும்.

கைப்பேசி வந்தபின் நிலைமை மேலும் சிக்கலாகிவிட்டது. பல கைப்பேசிகளின் காமிரா, கேட்காமலே முகத்தைக் கண்டுபிடித்துத் தோலை மெழுகி ஒளியேற்றிவிடுகிறது. படமெடுத்த தாய்க்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. அவளுக்கு விவரமே தெரியாது. துபாயிலிருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பப்பட்ட அப்படம் நேர்மையானதா? செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்று நம்பும் நமக்கு, நிய்யத்தே இல்லாமல் ஒரு கருவி செய்யும் திரிபை எந்தக் கணக்கில் எழுதுவது என்று விளங்கவில்லை. தாயின் மீது பழியில்லை. ஆனால் பார்த்த பிறகு, மகளின் முகத்தையும் திரையின் முகத்தையும் ஒப்பிட்டு அறிந்த பிறகு, அறியாமை என்ற திரை கிழிந்துவிடுகிறது. அதற்குமேல் அனுப்புவது அவள் செய்யும் செயலே.

விந்தை என்னவென்றால், ஸ்டுடியோக்காரர்கள் கையாளும் மென்பொருள் இவ்வகையில் பழைய பென்சிலைவிட நேர்மைக்கு வாய்ப்பளிக்கிறது. நெகடிவில் பட்ட பென்சிலைப் பின்னர் அழிப்பது அரிது. லைட்ரூம் போன்றவற்றில் மூலப்படம் தொடப்படுவதே இல்லை. எங்கே தூரிகை ஓடியது, எவ்வளவு ஓடியது என்ற குறிப்பு தனியே சேமிக்கப்படுகிறது. வேண்டும்போது தூரிகை பட்ட இடங்களைச் சிவப்பு நிறமிட்டுத் திரையில் காட்டும் வசதியும் உண்டு. மேல்சித்தாமூர்ப் பாறையைப் படமெடுத்தவர் திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் சேர்த்தே மடத்தாரிடம் கொடுக்கலாம். இந்த நாகப்படத்தின் மீது மட்டும் ஒளி கூட்டியுள்ளேன் என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். நூறாண்டு கழித்து ஆராய்பவனுக்கு அந்த ஒரு வரி போதும். கல்யாணப் படத்துக்கும் இதைச் செய்ய முடியும். படக்காரரிடம் மூலத்தையும் கேட்டு வாங்குவதில் செலவொன்றும் கூடிவிடாது.

செய்ய முடியும் என்கிறோம். செய்வார்களா என்பது வேறு. கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கும் படக்காரரைக் குறை கூறுவது எளிது. அவர் அதை விட்டுவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்த அடுத்த கடைக்கு நம்மை அனுப்புவது மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி. பெண் ஓதியிருக்கிறாளா, எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்குமுன் பல வீடுகளில் கேட்கப்படுவது, “என்ன நிறம்?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அதற்கு அஞ்சித் தூரிகையைத் தேடுகிறவர்களும் நம் வீட்டுப் பெரியவர்களே. மகனுக்குப் பெண் பார்க்கும் ஆண்டில் முன்னதையும், மகளுக்கு வரன் பார்க்கும் ஆண்டில் பின்னதையும் ஒரே குடும்பம் செய்கிறது.